குடிக்காதவர் குடியை விட்ட கதை

பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் ஊர் அதைக் கள் என்றுதான் சொல்லும். பாலிஷ்காரர் பாலைக்கூடக் குடிக்கவில்லை, பாவம். மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அவர் தொழில் அப்படி. மீசை அரும்பிய வயதில் ஒரு மரச்சாமான் பட்டறைக்குள் நுழைந்தவர், மேசை, நாற்காலி, பீரோ, கட்டில் என்று தச்சர்கள் எதைச் செய்து கொடுத்தாலும் அதற்கு ஸ்பிரிட் பாலிஷ் போடுவார். முதலில் உப்புத்தாளால் தேய்த்து மரத்தை வழவழப்பாக்க வேண்டும். அரக்குச் செதிலைச் சாராய நெடியடிக்கும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, கரைந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி வைக்க வேண்டும். பிறகு பஞ்சைப் பழைய துணியில் பொதிந்து உருண்டையாகப் பிடித்து, அந்தக் கரைசலில் நனைத்து, மரத்தின் மேல் வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் போச்சு. துணி அங்கேயே ஒட்டிப் பிடித்து, எடுத்தால் தழும்பு விழும். தழும்பு விழுந்தால் மறுபடி உப்புத்தாள், மறுபடி முதலிலிருந்து.

நாள் முழுக்க ஸ்பிரிட் ஆவியில் நின்றவர் மேல் பன்னீரா மணக்கும்? சட்டையில், தலைமுடியில், நகக்கண்ணில் எல்லாம் அந்த வாடைதான். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்கு எழுந்து போவார். அதில் ஒரு வசதியும் இருந்தது, ஜன்னல் ஓரம் தானாகக் கிடைக்கும். பட்டறை ஆட்கள் வேலை முடிந்ததும் கூட்டமாகச் சாராயக் கடைப் பக்கம் ஒதுங்க, இவர் மட்டும் நேரே வீட்டுக்குப் போவார். அதனால் அவருக்குச் சாமியார் என்று பட்டப்பெயர். "ஸ்பிரிட்டக் கையால தொடுவாரு, வாயால தொட மாட்டாரு" என்று தச்சர்கள் கிண்டல் செய்வார்கள். ஒழுக்கம் கிழுக்கம் என்று அவர் பெரிதாகப் பேசியதில்லை. பொழுதெல்லாம் முகர்ந்து அலுத்த வாடையைக் காசு கொடுத்து வேறு யாராவது வாங்குவார்களா என்பார்.

இந்த வாடையால் அவர் கல்யாணமே நின்றிருக்கும். பெண்ணைப் பார்க்க வேலையிலிருந்து நேரே போய்விட்டார், புத்திசாலி. பெண்ணின் அண்ணன் கதவைத் திறந்ததும் ஒரு எட்டு பின்வாங்கினார். "ஒரு குடிகாரனுக்குக் கட்டிக் கொடுக்கறதுக்கு என் தங்கச்சியப் பாழுங்கெணத்துல தள்ளிடலாம்" என்று வந்தவர் காதுபடவே சொன்னார். உள்ளேயிருந்து பெண் வந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"நீங்க குடிப்பீங்களா?"

"இல்லங்க. இது பாலிஷ் வாடை."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் திரும்பி, "இல்லன்னு சொல்றாரு. நான் நம்புறேன்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அண்ணன் தலையாட்டினாரே தவிர, அவர் மூக்கு தலையாட்டவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்தும் தங்கை வீட்டுக்கு வந்தால் மூக்கை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் ஆள் பின்னால் வருவார்.

அவள் மட்டும் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதே இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் ஒரு சலவைக் கடையில் துணி தேய்த்தாள், அவர் பாலிஷ் போட்டார், சாயங்காலம் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எல்லோரும் சந்தேகப்பட்ட இடத்தில் ஒருத்தி நம்பினாள் என்பதை அவர் ஒரு சொத்தைப்போல வைத்துக் காப்பாற்றினார். சொந்த வீடு இல்லை, நகை இல்லை, இது இருந்தது.

நோய் வந்தது ஒரு சாப்பாட்டு மேசையின் மேல். பெரிய மேசை, பத்துப் பேர் உட்காரலாம், கடைசிப் பூச்சு ஓடிக்கொண்டிருந்தது. மேல்வயிற்றில் யாரோ கம்பியைச் சொருகி முதுகு வழியாக இழுத்ததுபோல் இருந்தது. அவர் கை நின்றது. துணி ஒட்டிக்கொண்டது. "ஐயோ தழும்பு விழுதே" என்பதுதான் அவர் முதலில் சொன்னது என்று தச்சர்கள் பிறகு சிரிப்பார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு, மரத்தூளில் கிடந்து வாந்தி எடுத்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்து நின்று, அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். குடிப்பீர்களா என்று கேட்கவில்லை, கவனியுங்கள்.

"குடிக்க மாட்டேன் சார். இது பாலிஷ் வாடை."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

மனைவிதான் சண்டைக்கு நின்றாள். "அவர் குடிக்க மாட்டாருன்னா குடிக்க மாட்டாரு. வேற என்னன்னு பாருங்க" என்றாள். டாக்டர் கெட்டவர் இல்லை. உட்காரவைத்துச் சொன்னார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது. சாப்பாட்டைச் செரிக்கிற நீர் அங்கேதான் சுரக்கிறது. அந்த நீர் குடலுக்குப் போய் வேலை செய்யாமல், இருந்த இடத்திலேயே கணையத்தை அரிக்கத் தொடங்கிவிட்டது. பித்தப்பைக் கல்லால் வரும், குடியால் வரும், ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறினால் வரும். வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, டிரிப் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டால் முக்கால்வாசிப் பேர் சில நாளில் எழுந்து போய்விடுவார்கள்.

அவரும் எழுந்து வந்துவிட்டார். வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்து, பிறகு வடித்த கஞ்சியில் தொடங்கி, மெலிந்து, சிரித்துக்கொண்டே வந்தார். பித்தப்பையில் கல் இல்லை. கொழுப்பு ஏறவில்லை. பரம்பரையில் யாருக்கும் இல்லை. பீடி, சிகரெட் கிடையாது. "சிலருக்குக் காரணமே தெரியாம வரும், ஒரு தடவையோட போயிடும்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

போகவில்லை. பட்ட காலிலேதான் படும். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வந்தது. அதற்கடுத்து கோடையில் வந்தது. ஸ்பிரிட் ஆவியால்தானோ என்று அவருக்கே சந்தேகம் வந்து கேட்டார். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்றார் டாக்டர். இருந்தாலும் ஆகட்டும் என்று பட்டறை முதலாளி அவரை நீண்ட நாள் பாலிஷ் பக்கமே விடாமல் மரம் தேய்க்க மட்டும் வைத்தார். உப்புத்தாளும் கையுமாக இருந்தபோதும் அது வந்தது. சரி, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று மறுபடி பஞ்சுருண்டையை எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு முகம் வந்து நிற்கும், சட்டையை முகரும், அதே கேள்வியைக் கேட்கும். ஊசி போடுகிற நர்ஸ், கட்டிலைத் தள்ளுகிறவர், ஸ்கேன் எடுக்கிறவர், ஒருவர் பாக்கி இல்லை. உலகத்தில் கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் எப்போதுமே ஒரு பொருட்டில்லை. "இல்லங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்தது. மனைவி ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நின்றாள். அவள் அப்படி நிற்பதைக் கட்டிலில் படுத்தபடி பார்க்கும்போது வலிக்கு நடுவிலும் அவருக்குப் பெருமையாக இருக்கும்.

கடைசியில் எடுத்த ஸ்கேனில் கணையம் சுருங்கியிருந்தது. அதன் குழாயில் சின்னச் சின்னக் கல் படிந்து அடைத்திருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைப்பை விலக்கி, உள்ளே ஒரு சின்னக் குழலை வைத்தார்கள். கொஞ்ச மாதம் நிம்மதி, அப்புறம் அந்தக் குழலும் அடைத்துக்கொண்டது, மாற்றினார்கள். சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே மலத்தில் எண்ணெய் மிதக்கப் போனதால், சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் செரிமானத்துக்குக் கேப்சூல் மாத்திரைகள் கொடுத்தார்கள். பிறகு சர்க்கரையும் வந்தது, ஊசியும் வந்தது. சட்டை அவர் மேல் ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

"எப்ப டாக்டர் சரியாகும்?" என்று மனைவி கேட்டாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரியாகறதுங்கற பேச்சுக்கே எடமில்லம்மா. கெட்டுப்போன கணையம் திரும்ப வளராது. வலியக் குறைக்கலாம், சாப்பாட்டச் செரிக்க வைக்கலாம், சர்க்கரையக் கட்டுல வைக்கலாம். இப்படியே ஓட்டிட்டுப் போகலாம்."

"ஆபரேஷன் பண்ணா?"

"வலி குறையலாம். பலருக்குக் குறையுது, சிலருக்குத் திரும்ப வருது. அதுக்கும் ஒடம்பு தேறணும்." தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "குடிக்கறவங்கன்னா குடிய நிறுத்துங்கன்னு சொல்வோம். நிறுத்தினா நோய் ஓடுற வேகம் குறையும், வலியும் பலருக்கு அடங்கும். இவர்கிட்ட நான் எத நிறுத்தச் சொல்றது?" என்றார்.

அந்த வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது.

அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். அவருக்கும் கணையம்தான், ஆனால் அவர் ஊரறியக் குடித்தவர். குடியை விட்டு, சும்மா பரிசோதனைக்கு வந்திருந்தார். கன்னம் உப்பி, கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நர்சுகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். டிரைவரின் மனைவி வெளியே பெஞ்சில் இவளிடம் ரகசியம்போல் சொன்னாள்.

"எங்காளு பொணம் மாதிரி கெடந்தாருக்கா. பாட்டில விட்டாரு, வலி விட்டுப்போச்சு. உங்க வீட்டுக்காரரையும் விடச் சொல்லுங்க."

"அவரு குடிக்கறதில்லம்மா."

"நானும் ஆரம்பத்துல அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் டிரைவர் மனைவி, ஆதரவாகக் கையைத் தட்டிக்கொடுத்து.

இவளுக்கு வயிறு எரிந்தது. ஆத்திரம் அந்தப் பெண் மேல் இல்லை. இத்தனை வருஷம் குடித்தவனுக்கு ஒரு வழி இருக்கிறது, குடிக்காதவனுக்கு இல்லை என்பதை அவளால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் மாறினாள். அவருக்கு எண்ணெய் ஆகாது என்று தானும் எண்ணெயைத் தொடாமல் விட்டு, அவரைப்போலவே மெலிந்தாள். கடையில் தேய்ப்புப்பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்று, ஒரு வாடிக்கையாளரின் சட்டையைக் கருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைவாராமல் பின்கட்டுப் படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல" என்பாள். அவருக்கு வலியைவிட இது பெரிதாக இருந்தது.

ஒரு நாள் அவர் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தபோது கேட்டாள். "ஏங்க, ஒரே ஒரு தடவ கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது. எப்பவாச்சும்... பட்டறையில... யாருக்கும் தெரியாம?"

"நீயுமா?" என்றார். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவள் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தாள். "சந்தேகப்பட்டுக் கேக்கலங்க. குடிச்சேன்னு நீங்க சொன்னா நான் சந்தோஷப்படுவேங்க. அதுக்குத்தான் கேட்டேன்." சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது போலிருக்கிறது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் அந்த வாக்கியத்தைப் பல நாள் சுமந்தார். பட்டறையில் துணியை ஓட்டும்போதும் அதே நினைப்பு. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தார். தான் போய்ச் சேர்ந்தால் அவளுக்கு யாரும் இல்லை. போகிறவரைக்குமாவது அவள் ஏதாவது ஒன்றுக்காகக் காலையில் எழ வேண்டும். டாக்டரிடம் அது இல்லை. மருந்துக் கடையில் இல்லை. தன்னிடம்தான் இருக்கிறது, ஒரு பொய் தூரத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பின்கட்டுப் படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நான் குடிச்சிருக்கேன்" என்றார்.

அவள் திரும்பினாள்.

"ரொம்ப நாளா. ஒனக்குத் தெரியாம."

குடிக்கிறவன் குடிக்கவில்லை என்று பொய் சொல்வான், அதில் அவனுக்குப் பழக்கம் உண்டு. குடிக்காதவன் குடித்தேன் என்று சொல்ல எங்கே போய்ப் பழகுவான்? எங்கே குடித்தீர்கள் என்று கேட்டாள், பட்டறைக்குப் பின்னால் என்றார். எவ்வளவு என்றாள். அளவெல்லாம் அவருக்கு என்ன தெரியும்? "ஒரு... சொம்பு" என்றார். தண்ணீர் குடிக்கிற கணக்கு. வேறொரு நேரமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அவள் அவர் முதுகில் படார் படார் என்று அடித்தாள். "பாவி, பாவி, எத்தன பேர்கிட்ட உங்களுக்காகச் சண்ட போட்டேன்" என்று அழுதாள். அடித்து ஓய்ந்ததும், அவர் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்து, "இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். செய்தார். வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாகக் காப்பாற்றக்கூடிய சத்தியத்தை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அன்று அவள் தட்டு நிறையச் சாப்பிட்டாள். அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் வீட்டில் தானே தீ வைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் குளிர் காய்கிறோம் என்றும் தோன்றியது.

பொய்க்குச் செலவு பின்னால்தான் வந்தது. மனைவி டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அவரை நீண்ட நேரம் பார்த்து, "இத்தன நாள் ஏங்க மறைச்சீங்க? எவ்வளவு தேடினோம்" என்றார். குரலில் கோபத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது அல்லவா, படித்தவர்களுக்கு அது போதும். "பரவால்ல, இப்பவாவது சொன்னீங்களே. விட்டுட்டா நல்லா இருக்கலாம்" என்றார்.

மச்சான் வந்தார். இந்தத் தடவை மூக்கு பின்னால், நெஞ்சு முன்னால். "நான் அன்னைக்கே சொன்னேன். என் பேச்ச யாரு கேட்டா? நெருப்பில்லாம பொகையுமா மாப்பிள்ள?" என்றார். பாலிஷ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான் மச்சான்" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி தலை குனிந்தாள். அவள் குனிந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவமானம் தனக்கு மட்டும் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார், அவளுக்கும் பாதி போனது.

பட்டறைக்கும் செய்தி போயிற்று. சாமியார் என்ற பெயர் போயே போயிற்று. "தினம் ஒரு சொம்பாமே!" என்று தச்சர்கள் கும்பிடு போட்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. குடிகாரன் கையில் ஸ்பிரிட் டின்னைக் கொடுக்க முடியாது என்று அவரைப் பாலிஷிலிருந்து எடுத்துவிட்டார். மனைவிக்கும் அதுதான் வேண்டும், வாடை இல்லாமல் வந்தால்தானே வாயை முகர்ந்து பார்க்க முடியும்? மறுபடி உப்புத்தாள், மறுபடி மரத்தூள். அவர் தேய்த்துக் கொடுத்த மேசைக்கு வேறொருவர் பூச்சு ஓட்டுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பார். கை துறுதுறுக்கும். நாற்காலிக் காலை அழுத்தித் தேய்ப்பார்.

ஆனால் பாருங்கள், வலி வரவில்லை. அந்த மழைக்காலம் வரவில்லை, கோடையிலும் வரவில்லை. இந்த நோய் சில சமயம் அப்படி ஒளிந்து விளையாடும். அவளுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று, "ஊதுங்க" என்பாள். ஊதுவார். "சமத்து" என்று கன்னத்தில் தட்டி உள்ளே விடுவாள். சலவைக் கடையில் மற்றப் பெண்களிடம், "எங்க வீட்டுக்காரர் தொட்டே பார்க்கல, எவ்வளவு வைராக்கியம் தெரியுமா" என்று பேசினாள். அவர் உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு அவரோடு கடைத்தெருவுக்கு நடந்தாள். அந்த நாட்களில் அவருக்கே ஒரு மயக்கம் வந்தது. நிஜமாகவே குடித்திருந்தோமோ, விட்டதால்தான் சரியாகிறதோ என்று ஒரு கணம் நினைப்பார். நினைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவருக்குக் கம்பி சொருகியது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவள் ஓடி வந்து முதலில் செய்த காரியம், அவர் வாயை முகர்ந்ததுதான்.

ஆஸ்பத்திரியில் அதே வார்டு. இந்தத் தடவை அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. குடிக்கிற ஆள் என்பது அவர்களுக்குத் தெரியும். மச்சான் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, "திருந்துற ஜென்மமா இது? என் தங்கச்சி தலையில கை வச்சுப் பண்ண சத்தியம்யா அது" என்று கத்திவிட்டு வெளியே போய் நின்றார். மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் வாந்திப் பாத்திரத்தைப் பிடித்தாள், கழுவினாள், மறுபடி பிடித்தாள்.

மத்தியானம் ஊசி வலியைச் சற்று அமுக்கியிருந்தபோது, புதிதாக வேலைக்கு வந்திருந்த டாக்டரம்மா அவளைத் திரைக்கு வெளியே கூப்பிட்டார். சின்னப் பெண், பொறுப்பான குரல். திரை ஆளைத்தான் மறைக்கும், பேச்சை மறைக்காது, படுத்திருந்தவருக்கு எல்லாம் கேட்டது.

"இவர் குடிக்கறவர்னு யாரும்மா சொன்னது? ரத்தத்துல சாராயம் துளிகூட இல்ல. நாள்பட்டுக் குடிச்சவங்களுக்கு ரத்தத்துல இருக்கற மாற்றம் எதுவும் இல்ல, கல்லீரலும் சுத்தமா இருக்கு. பழைய ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துப் பார்த்தேன், அதுலயும் இல்ல."

"அவரே சொன்னாருங்க."

"எதுக்குச் சொன்னாருன்னு எனக்குத் தெரியல. ஆனா குடியால வந்ததுன்னு என்னால நம்ப முடியல. ஸ்கேன்ல கணையம் இன்னும் மோசமாத்தான் போயிருக்கு. இனி அடிக்கடி வரலாம். நீங்க மனசத் தயார் பண்ணிக்கறது நல்லது."

கட்டிலில் கிடந்தவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் வந்தது. தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்துவிட்டது, தான் அவளை ஏமாற்றிய குடிகாரன் இல்லை. அவள் இப்போது உள்ளே வருவாள், மார்பில் விழுந்து அழுவாள், மச்சானைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தார். அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. அதற்கப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது?

அவள் வர நேரமாயிற்று. வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போர்வையின் சுருக்கத்தைக் கையால் நீவினாள், தேய்ப்புக்காரிக்குச் சுருக்கம் கண்ணில் பட்டால் பொறுக்காது.

"டாக்டரம்மா என்னமோ சொல்றாங்க" என்றாள்.

"கேட்டுச்சு."

"சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?"

அவள் நிமிர்ந்து அவர் கண்ணுக்குள் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் பார்த்தாள்.

"கொஞ்சமா குடிச்சீங்கதானே?" என்றாள். "கொஞ்சம்தான், இல்ல? சொல்லுங்க."

அவள் கெஞ்சுகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. 'இல்லை' என்ற சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவர் வாயில் அதைப்போல் சுத்தமான சொல் வேறு இல்லை. அதை விழுங்கினார்.

"ஆமா. கொஞ்சம்தான்."

"இனிமே தொட மாட்டீங்கல்ல?"

"தொட மாட்டேன்."

"அப்பச் சரியாயிடும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, திரையை விலக்கி, வெளியே நின்றவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒத்துக்கிட்டாரு. இனிமே தொட மாட்டாராம்."